பழைய தலப்படமும் நம் ஊர் வரலாறும்

வரலாறு என்றதும் நம் மனத்தில் தோன்றுபவை எவை? மன்னர்களின் பெயர்கள், போர்கள் நடந்த ஆண்டுகள், கோட்டை கொத்தளங்கள். தேர்வுக்கு முதல் நாள் இரவு அவற்றை மனப்பாடம் செய்கிறோம். தேர்வு முடிந்த மாலையே மறந்தும் விடுகிறோம். "உங்கள் கிராமத்துக்கு வரலாறு உண்டா?" என்று யாரேனும் கேட்டால், "எங்கள் ஊரில் என்ன இருக்கிறது, ஓர் ஏரியும் ஒரு கோவிலும்தான்" என்று சொல்லிச் சிரிக்கிறோம்.

ஆனால் அந்த ஏரியை வெட்டியவர்கள் யார்? கோவிலுக்கு முன்னால் இருக்கும் பாதை முன்பு எந்தச் சந்தைக்குப் போயிற்று? ஊர் இன்றுள்ள இடத்தில்தான் எப்போதும் இருந்ததா? இவற்றுக்கு விடை தேடுவதும் வரலாறே. இந்தத் தேடலுக்கு நமக்கு இரண்டு சாட்சிகள் உண்டு. ஒன்று, பழைய தலப்படம். மற்றொன்று, நம் வீட்டுத் திண்ணையில் அமர்ந்திருக்கும் முதியோர். முதல் சாட்சி இடத்தைச் சொல்லும், ஆளைச் சொல்லாது. இரண்டாம் சாட்சி ஆளைச் சொல்லும், அளவைச் சொல்லாது. இரண்டையும் ஒன்று சேர்ப்பது எப்படி என்பதையே இக்கட்டுரையில் காண்போம்.

தலப்படம் என்பது யாது?

ஒரு சிறு நிலப்பரப்பில் உள்ள மலை, ஆறு, ஏரி, ஊர், சாலை, கோவில், கிணறு ஆகிய அனைத்தையும் அளந்து, குறியீடுகளால் காட்டும் வரைபடமே தலப்படம். நம் நாட்டில் இதனை வெளியிடுவது 1767ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட இந்திய நில அளவைத் துறை. பழைய தாள்கள் பெரும்பாலும் ஒரு மைலுக்கு ஓர் அங்குலம் என்ற அளவில் வரையப்பட்டன. நாடு மெட்ரிக் முறைக்கு மாறிய பின் வந்த தாள்களில் ஒரு கிலோமீட்டருக்கு இரண்டு சென்டிமீட்டர்.

ஒவ்வொரு தாளுக்கும் ஓர் எண் உண்டு. தமிழகத்தின் பெரும்பகுதி 58 என்னும் பெருந்தாளில் அடங்கும். அது நான்கு பாகை நீளமும் நான்கு பாகை அகலமும் கொண்டது. அதனைப் பதினாறு பகுதிகளாக்கி ஆங்கில எழுத்துகளால் பெயரிட்டனர். ஒவ்வொரு பகுதியையும் மீண்டும் பதினாறாக்கி எண்ணிட்டனர். அவ்வாறு கிடைக்கும் சிறு தாள் ஒன்றில் ஏறக்குறைய பதினேழு மைல் நீளமும் பதினேழு மைல் அகலமும் உள்ள நிலம் இருக்கும். நம் ஊரும் அக்கம்பக்கத்து ஊர்களும் அதில் அடங்கிவிடும்.

வண்ணங்களுக்கும் பொருள் உண்டு. நீலம் நீர் நிற்கும் இடம். பச்சை காடு. மஞ்சள் பயிர் நிலம். சிவப்பு ஊரும் முக்கியச் சாலையும். பழுப்புக் கோடுகள் சம உயரக் கோடுகள். கடல் மட்டத்திலிருந்து ஒரே உயரத்தில் உள்ள இடங்களை அவை இணைக்கின்றன. கோடுகள் நெருங்கியிருந்தால் செங்குத்தான சரிவு, விலகியிருந்தால் சமவெளி. கோவில், மாதா கோவில், மசூதி, கல்லறை, கிணறு, அஞ்சலகம், காவல் நிலையம் ஆகியவற்றுக்குத் தனித்தனிக் குறிகள் உண்டு. மக்கள் விட்டுச் சென்ற பாழூருக்குக்கூட ஒரு குறி இருக்கிறது. அந்தக் குறியைக் கண்டால் நாம் சற்று நின்று, "இவர்கள் ஏன் போனார்கள்?" என்று கேட்க வேண்டும்.

அளந்தவர்கள் பட்ட பாடு

இந்தத் தாள்கள் எளிதில் உருவானவை அல்ல. சென்னைக்கு அருகே பரங்கிமலையை நம்மில் பலர் அறிவோம். மலைமேல் உள்ள மாதா ஆலயத்துக்குப் படியேறிச் சென்றும் இருப்போம். அந்த மலையடியில்தான் 1802ஆம் ஆண்டு ஏப்ரல் 10ஆம் நாள் வில்லியம் லாம்டன் என்பவர் இரும்புச் சங்கிலியைத் தரையில் நீட்டி, ஏழரை மைல் நீளமுள்ள அடிப்படைக் கோடு ஒன்றை அளக்கத் தொடங்கினார். ஒரு முக்கோணத்தில் ஒரு பக்கமும் இரு கோணங்களும் தெரிந்தால் மற்ற இரு பக்கங்களையும் கணக்கிடலாம் என்று நாம் கணித வகுப்பில் படிக்கிறோம் அல்லவா? அந்த ஒரு விதியைக் கொண்டே முக்கோணத்தோடு முக்கோணம் சேர்த்து இந்தியா முழுவதையும் அளந்தனர்.

கோணம் அளக்கும் தியோடலைட் கருவியின் எடை ஏறக்குறைய அரை டன். அதனை மலை உச்சிகளுக்கும் கோபுர உச்சிகளுக்கும் கூலியாட்கள் சுமந்து சென்றனர். 1808ஆம் ஆண்டு தஞ்சைப் பெரிய கோவில் விமானத்தின் மேல் ஏற்றும்போது அக்கருவி மோதிச் சேதமுற்றது. லாம்டன் பல வாரம் பாடுபட்டு அதனைத் தாமே சரிசெய்தார். லாம்டனின் பெயர் நூல்களில் இருக்கிறது. கருவியைச் சுமந்தவர்களின் பெயர்கள் எந்தத் தாளின் ஓரத்திலும் இல்லை. தலப்படத்தைக் கையில் எடுக்கும்போது அவர்களையும் நினைத்துக்கொள்வது நலம்.

அதே காலத்தில் மைசூர்ச் சீமையை அளந்தவர் காலின் மெக்கன்சி. பின்னர் 1815இல் இந்தியாவின் முதல் தலைமை நில அளவையாளராக நியமிக்கப்பட்டவர் அவரே. அவர் நிலத்தை மட்டும் அளக்கவில்லை. காவலி வெங்கட போரய்யா, லட்சுமய்யா என்னும் தெலுங்கு நாட்டுச் சகோதரர்களையும் வேறு பல உதவியாளர்களையும் கொண்டு, ஊர்க்கதைகளையும் கோவில் வரலாறுகளையும் செப்பேட்டுச் செய்திகளையும் எழுதி வாங்கினார். கைபீது என்று அழைக்கப்படும் அந்த ஊர் வரலாறுகள் பல, சென்னையிலுள்ள அரசினர் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகத்தில் இன்றும் உள்ளன. நிலத்தை அளந்தவரே ஊராரின் வாய்மொழியையும் கேட்டார் என்பதை நாம் மனத்தில் இருத்த வேண்டும். நாம் செய்யப்போவதும் அதையே, சிறிய அளவில்.

தண்ணீருக்கு அடியில் ஓர் ஊர்

இனி ஓர் எடுத்துக்காட்டைக் காண்போம். சேலம் மாவட்டத்திலுள்ள மேட்டூர் அணையை அறியாதவர் இல்லை. காவிரி நீர் பற்றி 1924இல் சென்னை மாகாணத்துக்கும் மைசூர் சமஸ்தானத்துக்கும் உடன்படிக்கை ஏற்பட்டது. 1925இல் வேலை தொடங்கி, 1934ஆம் ஆண்டு ஆகஸ்டு 21ஆம் நாள் அணை திறக்கப்பட்டது. அன்றைய ஆளுநர் ஸ்டான்லியின் பெயரையே நீர்த்தேக்கத்துக்கும் சூட்டினர். அதன் முழு நீர்மட்டம் 120 அடி, கொள்ளளவு 93.47 ஆயிரம் மில்லியன் கன அடி. ஆண்டுதோறும் ஜூன் 12ஆம் நாளைத் தஞ்சை உழவர்கள் எதிர்பார்த்திருப்பது, வழக்கமாக அன்று இந்த அணை திறக்கப்படும் என்பதால்தான்.

இன்றைய தலப்படத்தில் மேட்டூருக்கு மேற்புறம் பெரிய நீலப் பரப்பு ஒன்று காணப்படும். அணைக்கு முந்திய தாளில் அந்த நீலப் பரப்பு இல்லை. அங்கே காவிரி தன் இயல்பான அகலத்தில் ஓடுகிறது. தொப்பையாறு இன்று நீர்த்தேக்கத்தில் வந்து விழுகிறது. அன்றோ அது நேரே காவிரியில் கலந்தது. ஆற்றின் இரு கரையிலும் வயல்களும் ஊர்களும் அவற்றை இணைக்கும் வண்டிப் பாதைகளும் இருந்தன.

எவையெல்லாம் மூழ்கின என்பதை நாமே கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. அணை நிரம்பும்போது நீரின் மேற்பரப்பு கடல் மட்டத்துக்கு மேல் 790 அடி உயரத்தில் நிற்கும். ஓர் அங்குலத் தாள்களில் சம உயரக் கோடுகள் 50 அடிக்கு ஒன்றாக வரையப்பட்டிருக்கும். ஆகவே 800 அடிக் கோட்டைக் கண்டுபிடித்து, அதற்குச் சற்றுக் கீழே பென்சிலால் கோடு இழுத்துக்கொண்டே சென்றால் போதும். அந்தக் கோட்டுக்குள் அகப்பட்ட வயல், பாதை, கோவில், ஊர் யாவும் 1934க்குப் பின் நீருக்குள் போனவை. நீர்த்தேக்கத்தின் பரப்பு 59 சதுர மைலுக்குச் சற்று மிகுதி. மைலுக்கு ஓர் அங்குலம் என்பதால் தாளிலும் அது 59 சதுர அங்குலம், அதாவது ஒரு தாளில் ஐந்தில் ஒரு பங்கு அளவு. பாடப் புத்தகத்தில் வெறும் எண்ணாக இருந்தது, கையளவு பென்சில் வட்டமாகக் கண்முன் நிற்கும்போது அதன் கனம் புரிகிறது.

அவ்வாறு மூழ்கிய ஊர்களுள் ஒன்று நாயம்பாடி. கோடையில் நீர்மட்டம் வெகுவாகக் குறையும் ஆண்டுகளில், பண்ணவாடிப் பகுதியில் பழைய மாதா கோவிலின் கோபுரமும், ஜலகண்டேஸ்வரர் கோவிலின் நந்தியும் நீருக்கு மேலே தலைகாட்டும். செய்தித்தாள்களில் படம் வெளிவரும். மக்கள் திரண்டு போய்ப் பார்ப்பார்கள். ஜெபம் சொன்னவர்களும் பூசை செய்தவர்களும் பக்கத்துப் பக்கத்தில் வாழ்ந்த ஊர்கள் அவை. ஒரே தண்ணீர் இரு கோவில்களையும் மூடிற்று.

தஞ்சைக்கு நீர் கிடைத்தது நன்மையே. கல்லணைக் கால்வாயால் புதிய நிலங்கள் விளைந்தன. பல லட்சம் பேர் உணவு உண்டனர். ஆனால் அந்தச் சோற்றுக்காகத் தங்கள் வயலையும் வீட்டையும் முன்னோரின் கல்லறையையும் விட்டுப் போனவர்கள் இருந்தார்கள் என்பதை மறப்பது முறையன்று. வெயில் கடுமையான ஆண்டுகளில் மட்டுமே அவர்களுடைய கோவில் நமக்குத் தெரிகிறது. பழைய தலப்படத்திலோ அவர்களுடைய ஊர் எந்நாளும் கரையேறி நிற்கிறது.

1934இல் பத்து வயதுச் சிறுமியாக மாட்டு வண்டியில் ஏறி ஊரைவிட்டு வந்தவர், இன்று உயிரோடிருந்தால் நூறு வயதைக் கடந்திருப்பார். கண்ணால் கண்டவர்கள் அநேகமாகப் போய்விட்டார்கள். கண்டவர் வாயிலிருந்து கேட்ட மகளும் பேத்தியும் இருக்கிறார்கள். அவர்களைக் கேட்பதற்குக் காலம் நமக்காகக் காத்திருக்காது.

நம் ஊரைத் தேடும் வழி

மேட்டூரைப் போல் நம் ஊர் நீரில் மூழ்கியிருக்க வேண்டியதில்லை. எந்த ஊரும் ஐம்பது ஆண்டுகளில் மாறியிருக்கும். அதனைக் கண்டறியும் வழிகளை ஒன்றன்பின் ஒன்றாகக் காண்போம்.

முதலாவது, தாளைப் பெறுதல். இன்றைய தாள்களை இந்திய நில அளவைத் துறை 2017 முதல் இணையவழியாக வழங்கி வருகிறது. பழைய தாள்களைப் பல்கலைக்கழகப் புவியியல் துறைகளிலும், சென்னை எழும்பூரிலுள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்திலும் கேட்டுப் பார்க்கலாம். வெளிநாட்டு நூலகங்கள் சில தங்களிடமுள்ள பழைய இந்தியத் தாள்களை இணையத்தில் வைத்துள்ளன. ஆசிரியையின் துணையுடன் தேடுவது நல்லது.

இரண்டாவது, ஆண்டைப் பார்த்தல். தாளின் ஓரத்தில் அளந்த ஆண்டும் அச்சிட்ட ஆண்டும் தனித்தனியே இருக்கும். நமக்கு வேண்டியது அளந்த ஆண்டு. 1940இல் அச்சான தாள் 1915இல் அளந்த நிலத்தைக் காட்டக்கூடும். ஓரம் கிழிந்து ஆண்டு தெரியாவிட்டால் எல்லைகளைப் பார்க்கலாம். கொள்ளேகால் கோயம்புத்தூர் மாவட்டத்தில் இருந்தால் அத்தாள் 1956க்கு முந்திய நிலையைக் காட்டுகிறது. தருமபுரி தனி மாவட்டமாக இருந்தால் 1965க்குப் பிந்தியது.

மூன்றாவது, படியெடுத்தல். பழைய தாளின் மேல் ஒளி ஊடுருவும் டிரேசிங் காகிதத்தை விரித்து, ஊர், ஏரி, பாதை, கோவில் ஆகியவற்றை மட்டும் வரைந்துகொள்ள வேண்டும். அதனைப் புதிய தாளின் மேல் வைத்துப் பார்க்க வேண்டும். இரு தாள்களின் அளவும் வேறானால், ஒன்றை நகலெடுக்கும்போது சுருக்கியோ பெருக்கியோ சமப்படுத்திக்கொள்ளலாம். மாறாமல் நிற்கும் மலை உச்சியையோ பழைய கோவிலையோ முதலில் பொருத்தினால் மற்றவை தாமே பொருந்தும்.

நான்காவது, பட்டியலிடுதல். பழைய தாளில் இருந்து புதியதில் மறைந்தவை எவை? புதிதாகத் தோன்றியவை எவை? இருந்தும் உருமாறியவை எவை? இவ்வாறு மூன்று பத்திகள் போதும். வண்டிப் பாதை தார்ச்சாலை ஆகியிருக்கும். ஏரியின் நீலம் சுருங்கி வீடுகளின் சிவப்பு பெருகியிருக்கும். ஆற்றுத் துறைக்குச் சென்ற ஒற்றையடிப் பாதை, பாலம் வந்தபின் காணாமல் போயிருக்கும்.

ஐந்தாவது, நடத்தல். பெற்றோரோடும் தோழியரோடும் பகல் வேளையில் அந்தப் பழைய பாதை வழியே நடக்க வேண்டும். பழைய சாலைகளின் ஓரத்தில் சுமைதாங்கிக் கல், மைல்கல், பாழடைந்த சத்திரம், புளியமர வரிசை ஆகியவை இன்றும் சில இடங்களில் காணக் கிடைக்கும். இடிந்த கட்டடத்துக்குள்ளும் கைவிடப்பட்ட கிணற்றருகிலும் போகலாகாது.

ஆறாவது, கேட்டல். இதுவே எல்லாவற்றிலும் முக்கியமானது. தாளைப் பாட்டியின் முன் விரித்து, "பாட்டி, இங்கே ஒரு கிணறு போட்டிருக்கிறதே, இது யார் கிணறு?" என்று கேட்டுப் பாருங்கள். "வரலாறு சொல்லுங்கள்" என்றால், "எனக்கென்ன தெரியும் கண்ணு, நான் படிக்காதவள்" என்பார். கிணற்றைக் கேட்டாலோ ஒரு மணி நேரம் பேசுவார். சொன்னதைச் சொன்னபடியே எழுதி, பெயரையும் நாளையும் குறித்து, திரும்பப் படித்துக் காட்ட வேண்டும். அவர் வேண்டாம் என்று சொன்னதை எழுதலாகாது.

இவற்றோடு, பங்குக் கோவிலின் ஞானஸ்நானப் பதிவேட்டையும் பங்குத் தந்தையின் அனுமதியுடன் பார்க்கலாம். இன்று யாரும் சொல்லாத குக்கிராமத்தின் பெயர் அதில் இருக்கக்கூடும்.

ஊர்ப் பெயர் ஒரு சாவி

தலப்படத்தில் ஊர்ப் பெயர்கள் ஆங்கில எழுத்தில் உள்ளன. நம் ழகர, ளகர, லகரங்களை அந்த எழுத்துகள் பிரித்துக் காட்டுவதில்லை. குளம் என்றாலும் குலம் என்றாலும் தாளில் ஒன்றே. எது சரி என்பதை ஊராரே சொல்ல முடியும். ஆகவே ஒவ்வொரு பெயரையும் தமிழில் சரியாக எழுதி வைப்பதே பெரும் தொண்டு.

பெயரின் ஈற்றிலும் செய்தி உண்டு. துறை என்று முடிந்தால் ஆறு கடந்த இடம் அல்லது படகு ஒதுங்கிய இடம். பேட்டை என்றால் வணிகம் நடந்த இடம். சத்திரம் என்றால் வழிப்போக்கர் தங்கிய இடம். பாளையம் என்றால் படை தங்கிய இடமாகவோ பாளையக்காரர் ஆண்ட இடமாகவோ இருக்கலாம். ஏரி என்று பெயர் இருந்து, தாளில் ஏரி இல்லையென்றால், அதற்கு முந்திய தாளைத் தேட வேண்டும்.

தலப்படம் சொல்லாதவை

தலப்படம் நேர்மையான சாட்சிதான். ஆயினும் அதற்குத் தெரிந்தது கொஞ்சம். அளந்தவர் கண்ணுக்கு எது தேவையோ அதுவே தாளில் ஏறிற்று. படை செல்லும் சாலையும், வரி தரும் நிலமும், வெள்ளைக்கார அதிகாரி தங்கும் பங்களாவும் தவறாமல் இருக்கும். பிள்ளை பெற்ற தாய்க்கு மருத்துவம் பார்த்த மருத்துவச்சியின் வீடு இராது.

கிணற்றுக்கு ஒரு நீல வட்டம் இருக்கும். அந்தக் கிணற்றில் யார் நீர் இறைக்கலாம், யார் இறைக்கக் கூடாது என்று ஊர் வைத்திருந்த கொடிய வழக்கத்தை அந்த வட்டம் சொல்லாது. கோவிலுக்கு ஒரு குறி இருக்கும். அதன் வாசலில் நிறுத்தப்பட்டவர்களைக் குறி சொல்லாது. இவற்றையும் கேட்டு எழுதினால்தான் நாம் எழுதுவது ஊர் வரலாறு. பெருமைகளை மட்டும் பொறுக்கி எழுதினால் அது பாதி உண்மையாகவே நிற்கும்.

மற்றொன்றும் நினைவிருக்கட்டும். தலப்படத்தைக் காட்டி நில உரிமை கோர முடியாது. ஒவ்வொரு வயலின் எல்லையும் புல எண்ணும் கிராம வரைபடத்திலும் நில அளவைப் பதிவேட்டிலுமே உள்ளன. நம் நோக்கம் வழக்கு அல்ல, வரலாறு.

விடுமுறையில் ஒரு பணி

நம் பள்ளிக்குப் பல ஊர்களிலிருந்து மாணவியர் வருகிறோம். ஒவ்வொருவரும் இந்த விடுமுறையில் தம் ஊரில் ஒரே ஓர் இடத்தைத் தெரிந்தெடுப்போம். ஒரு கிணறு, ஒரு பாதை, ஒரு சிறு ஏரி, எதுவாயினும் சரி. பழைய தாளில் அது எப்படி இருந்தது, இன்று எப்படி இருக்கிறது, அதைப் பற்றி வீட்டுப் பெரியவர் என்ன சொல்கிறார் என்று இரண்டு பக்கம் எழுதுவோம். படியெடுத்த படத்தையும் அதனோடு தைப்போம். ஒரு படி நம்மிடம் இருக்கட்டும், ஒரு படி பள்ளி நூலகத்துக்குக் கொடுப்போம்.

பெற்றோருக்கும் ஒரு வேண்டுகோள். மகள் தாளும் பென்சிலுமாக வந்து பழங்கதை கேட்கும்போது, "போய்ப் படி" என்று அனுப்பிவிட வேண்டாம். அவள் அப்போது படித்துக்கொண்டுதான் இருக்கிறாள். தெரிந்ததைச் சொல்லுங்கள். தெரியாததற்கு, தெரிந்தவர் வீட்டுக்கு அவளை அழைத்துச் செல்லுங்கள்.

தாள்கள் நூலகத்தில் இன்னும் நூறு ஆண்டுகள் இருக்கும். அவற்றுக்கு அவசரம் இல்லை. ஆகவே நாம் முதலில் போக வேண்டியது பாட்டியிடம்.